ஒரே சுவரில் மாட்டிய படங்கள்

அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்தவரை ஊரில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். வருஷக்கணக்கில் பழகியும் நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அவரைப் பற்றி முதலில் தெரிந்த விஷயமே வேறு. 'இல்லை' என்ற சொல் அவர் வாயில் வராது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பள்ளிக்கு வரலாற்று ஆசிரியராக மாற்றலாகி வந்தபோது அவசரமாக ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் தேவைப்பட்டது. உட்காரவைத்தார், தாடையைப் பிடித்துத் திருப்பினார், பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. "நாளைக்கே கெடைச்சுடும் சார்" என்றார். மறுநாள் போனால், "கண்ணு மூடிட்டீங்க சார், இன்னொண்ணு எடுத்துடலாம்." அதற்கடுத்த நாளும் நான் கண்ணை மூடிவிட்டேனாம். பக்கத்து டீக்கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார்: "கேமராவுல பிலிம் இருக்காதுங்க. சேலத்துலேர்ந்து பஸ்ஸுல வரணும். இல்லன்னு சொல்ல அவருக்கு மனசு வராது. சும்மா லைட்ட அடிச்சு அனுப்பிடுவாரு."

போய்க் கேட்டேன். "பிலிம் இல்லேன்னு சொன்னா நான் கோவிச்சுக்கவா போறேன்?"

"அம்மாந்தூரம் நடந்து வந்திருக்கீங்களே சார்" என்றார். என் வீடு அடுத்த தெருவில் இருந்தது.

உயரமான ஆள், அந்த உயரத்துக்கு வெட்கப்படுகிற மாதிரி கொஞ்சம் கூன் போட்டு நடப்பார். கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை. படம் கழுவுகிற மருந்தில் ஊறி ஊறி நகமெல்லாம் பழுப்பாகிவிட்டிருந்தது. மனைவி என்றோ பிள்ளைகள் என்றோ யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஸ்டுடியோவுக்குப் பின்னாலேயே ஒரு அறையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு படுத்துக்கொள்வார். யார் என்ன கேட்டாலும் முதலில் தலை ஆடிவிடும், என்ன கேட்டார்கள் என்பது அப்புறம்தான் காதில் விழும்.

ஒரே முகூர்த்தத்தில் இரண்டு ஊர்க் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்வார். மொரப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தாலி கட்டுவதைப் படம் எடுத்துவிட்டு, அடித்துப்பிடித்து பஸ் ஏறி மதியம் போல இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர்வார். அங்கே பந்தியே முடிந்திருக்கும். மாப்பிள்ளையைத் தாலியைப் பிடித்தபடி மறுபடி குனியச் சொல்வார். ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா, "ஒரு பொண்ணுக்கு ரெண்டு தரம் தாலி கட்டச் சொல்றியே, நீ நல்லா இருப்பியா" என்று வாசலில் நின்று சாபம் விட்டாளாம். அதற்கும் தலையை ஆட்டியிருக்கிறார்.

எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் இருந்தது. வரலாறு சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இப்படிப்பட்ட ஆள் எப்படிப் பிடிக்கும்? ஆனாலும் சாயங்காலத்தில் கால் தானாக அங்கே போய்விடும். அந்த ஊரில் என்னைப் பார்த்தவுடன் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்ட ஒரே மனிதர் அவர்தான்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள் சித்தேரி மலையடிவாரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். தலை மழித்திருந்தது.

"எங்கம்மா போய்ச் சேந்துட்டாங்க. பதினாறாம் நாளு காரியத்துக்கு மாலை போட ஒரு போட்டோ வேணுங்க."

"பழைய படம் ஏதாச்சும் குடுங்க, பெருசு பண்ணிடலாம்."

"அதெல்லாம் ஏதுங்க. போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு நின்னதே இல்லைங்க."

அந்தக் காலத்தில் சாவு வீடுகளில் இது ஒரு புதுப் பழக்கமாக வந்திருந்தது. முன்பெல்லாம் ஒரு செம்பு, ஒரு சேலை வைத்துக் கும்பிட்டவர்கள், இப்போது படம் இல்லாமல் படையல் போட்டால் குறைச்சல் என்று நினைத்தார்கள். தர்மபுரி ஸ்டுடியோக்களில் கையை விரித்துவிடுவார்கள். பாய் கையை விரிக்கவில்லை.

"யாரு ஜாடை அவங்க?" என்று கேட்டார்.

அந்த மனிதர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் கோணியது. "தெரியலைங்க. அழுது அழுது எனக்கே மூஞ்சி நெனப்புக்கு வர மாட்டேங்குது."

"மூக்குத்தி எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"செவ்வாக்கெழம வாங்க, குடுத்துடலாம்."

செவ்வாய்க்கிழமையும் நான் இருந்தேன். காகிதத்தைப் பிரித்து அந்த விவசாயி படத்தை வெகுநேரம் பார்த்தார். இரண்டு பக்கமும் மூக்குத்தி, நரைத்த முடி, நெற்றி நிறைய திருநீறு. "இதேதாங்க" என்றார். "இப்பிடித்தான் பாப்பாங்க. திட்டறதுக்கு முன்னால இப்பிடித்தான் பாப்பாங்க." அதை மார்போடு அணைத்துக்கொண்டு போய் பஸ் ஏறினார்.

"யார் படம் அது?" என்று பாயைக் கேட்டேன்.

"அவங்க அம்மா சார்."

"நீங்க பார்த்ததே கிடையாதே."

"அவரு பார்த்திருக்காரு சார். அவரே ஆமான்னுட்டாரே."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே லேசாகப் பயமாகவும் இருந்தது. ஆனால் அந்த விவசாயி போன வேகத்தை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கு ஆண்டு விழா வந்தபோது தலைமை ஆசிரியருக்கு ஓர் ஆசை பிறந்தது. ஊரின் பழைய வரைபடம், பழைய போட்டோக்கள், பெரியவர்கள் சொல்கிற சேதிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் விருப்பம்தான், பொய் சொல்வானேன். தாலுகா ஆபீஸில் தெரிந்தவர் மூலம் ஒரு பழைய நில அளவை வரைபடத்தின் நகல் கிடைத்தது. அதில் ஊருக்கு நடுவே ஒரு சின்ன ஏரி நீலமாக இருந்தது. இப்போது அங்கே ஏரியும் இல்லை, தண்ணீரும் இல்லை. என் கணக்குப்படி அது சந்தை கூடுகிற இடம்.

பாயிடம் காட்டினேன். "சந்தை இருக்கற எடத்துலதானே இந்த ஏரி இருந்துச்சு?"

"ஆமா சார். நாங்க குளிச்சிருக்கோம்."

சந்தோஷமாகப் போய்த் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் வரைபடத்தை வேறு மாதிரித் திருப்பிப் பிடித்துப் பார்ப்பவர். ஏரி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் என்பது அவர் கட்சி. மறுநாள் வெற்றிச் சிரிப்போடு வந்தார். "பாயைக் கேட்டேன். ஸ்கூலுக்குப் பின்னாலதானேன்னேன். ஆமா சார், குளிச்சிருக்கோம்னார்." அதற்குப் பிறகு ஏரி விஷயத்தில் பாயைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

படங்களுக்காக வீடு வீடாகப் போனேன். கல்யாணப் படங்கள், மீசை வைத்த போலீஸ்காரர் ஒருவர், ஊருக்கு முதல் பஸ் வந்தபோது மாலை போட்டு எடுத்த படம், எல்லாம் வந்தன. எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற லட்சுமியும் ஒரு படம் கொண்டுவந்தாள். ஊருக்குக் கிழக்கே காலனியில் இருப்பவள், முப்பது வயதிருக்கும். அவளைப் பெற்றுப் போட்டவுடனே தாய் இறந்துவிட்டாள். லட்சுமியின் கல்யாணத்தில் தாய் படத்தின் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும் என்று அப்பாதான் அந்தப் படத்தை எங்கிருந்தோ வாங்கி வந்திருக்கிறார். அந்த அப்பாவும் இப்போது இல்லை. அவள் அம்மாவைப் பார்த்தது அந்தக் கண்ணாடிக்குள் மட்டும்தான்.

"சாயங்காலமே குடுத்துடுவீங்களா சார்?" என்று கேட்டாள். "கல்யாணத்துலேர்ந்து அது இல்லாத வூட்ல நான் படுத்ததே இல்லைங்க. வேலைக்குக் கெளம்புறப்ப ஒரு வார்த்த சொல்லிட்டுதான் கெளம்புவேன்."

சட்டங்களைச் சரிசெய்ய உதவிக்கு வரும்படி பாயைக் கூப்பிட்டேன். வழக்கம்போலத் தலை ஆடியது. பிறகு கேட்டார். "எல்லா வூட்டுப் படத்தையும் ஒரே எடத்துலயா சார் மாட்டப்போறீங்க?"

"ஒரே சுவரில். ஹால்ல பெரிய சுவர் இருக்கே."

துடைத்து வைத்திருந்த லென்ஸை எடுத்து மறுபடி துடைத்தார். "தெருவுக்கு ஒரு ரூம்பா மாட்டினா பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கும் சார்."

"அத்தனை ரூமுக்கு நான் எங்கே போக?"

"சரிங்க சார்" என்றார்.

கண்காட்சி நாளன்று அவர் வரவில்லை. அவர் வார்த்தைதான் தெரியுமே என்று நான் பொருட்படுத்தவில்லை. சட்டங்களை அளவு பார்த்து வரிசைப்படுத்தி மாட்டினேன். என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, நான் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தது பெண்கள்.

"இது மேட்டுத் தெரு பெரியம்மாதானே, இவங்க எதுக்கு ரெண்டு எடத்துல இருக்காங்க?" என்றாள் ஒருத்தி.

"ரெண்டு இல்லடி, அங்க பாரு."

நான்கு சட்டங்களில் ஒரே முகம் இருந்தது. ஒன்றில் நரை, ஒன்றில் கருமுடி. ஒன்றில் குங்குமம், ஒன்றில் வெறும் நெற்றி. ஒன்றில் தலை வலப்பக்கம் பார்த்தது, மற்றொன்றில் அதே தலை இடப்பக்கம் பார்த்தது. கம்மல், மூக்குத்தி, மச்சம் எல்லாம் மாறியிருந்தன. கண்களை மட்டும் அவர் தொட்டிருக்கவில்லை. கோபத்துக்கும் பாசத்துக்கும் நடுவில் நிற்கிற அதே பார்வைதான் நான்கிலும் இருந்தது.

கூட்டத்தில் லட்சுமி நின்றிருந்தாள். கரண்டி பிடித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு நடந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேட்டுத் தெருவில் நிலம் நீச்சோடு இருக்கும் வீட்டின் மூத்த மகனுக்குச் சேதி போய்விட்டது. வந்தவுடன் தன் வீட்டுப் படத்தைக் கழற்றினார். பிறகு லட்சுமியின் படத்துக்கு நேராகப் போய் நின்றார்.

"எங்க ஆத்தா மூஞ்சிய நீ எப்பிடி உன் வூட்ல மாட்டி வெச்சிருப்ப?"

"இது எங்க அம்மாங்க" என்றாள் அவள்.

அவர் அதைப் பிடுங்கக் கை நீட்டினார். தலைமை ஆசிரியர் நடுவில் புகுந்து படத்தை வாங்கித் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டினார். "பாயைக் கேட்டுடலாங்க" என்றார். அவருக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது.

மேட்டுத் தெருக்காரருக்குத் தன் தாய் ஒருநாளும் கேமராவுக்கு முன்னால் நின்றதில்லை என்பது தெரியும். பாயிடம் வந்து கேட்டு வாங்கிப் போனவரே அவர்தான். ஆனால் வருஷக்கணக்காக மாலை போட்டுக் கும்பிட்டதில் அது அவருக்கு மறந்தே போயிருந்தது. அவர் கோபத்தில் நடிப்பு இல்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

நாங்கள் போனபோது ஸ்டுடியோவில் பாய் சட்டை பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு, எதிர்பார்த்தவர் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இது எங்க ஆத்தாதானே?"

"ஆமாங்க."

"அப்ப காலனிக்கு எப்பிடிப் போச்சு?"

"நான்தாங்க எடுத்துக் குடுத்தேன். தப்புதாங்க."

அறை விழுந்த சத்தம் தெருவில் கேட்டது. வாசலில் கல்யாண ஜோடிகளின் படங்களை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை யாரோ கல்லால் அடித்தார்கள். "அந்தப் படத்த வாங்கி எங்கிட்டக் குடுத்துடணும்" என்றார் மேட்டுத் தெருக்காரர்.

"வாங்கிக் குடுத்துடறேங்க" என்றார் பாய். கன்னத்தில் விரல் தடம் பதிந்திருக்க, அதற்கும் தலையை ஆட்டினார்.

பள்ளி விட்டபிறகு லட்சுமியிடம் படத்தை எடுத்துக் கொடுத்தோம். அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவள் நேராக ஸ்டுடியோவுக்கு நடந்தாள். வழியில் யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று நானும் கூடப் போனேன். பாய் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவள் படத்தைப் பிரித்து அவர் முன்னால் பிடித்தாள்.

"பாய், இது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது எங்க அம்மாதானுங்களே?"

விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு அவர் படத்தைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். "ஆமாம்மா. உங்க அம்மாதான். உங்க அப்பா குடுத்த படத்துலேர்ந்துதான் நான் மத்தவங்களுக்கெல்லாம் போட்டுக் குடுத்துட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். மறுபடி முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "காலையில அவர்கிட்டயும் ஆமான்னீங்க."

"ஆமா சார்."

மற்ற இரண்டு வீட்டாரும் வந்தார்கள். அவர்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. உங்களுடையதுதான் அசல், மற்றவர்களுக்குக் கொடுத்தது என் தப்பு. ஒவ்வொருவரும் தாயைக் காப்பாற்றிக்கொண்டு, அவரைத் திட்டிவிட்டுப் போனார்கள். நாலைந்து நாள் கழித்து, கண்ணாடி உடைந்த ஒரு பழைய சட்டத்தில் படம் ஒன்றைப் போட்டு மேட்டுத் தெருக்காரரிடம் கொடுத்தார். "வாங்கிட்டேங்க" என்றார். அந்த மனிதர் அது லட்சுமியின் படம்தான் என்று நம்பி ஸ்டுடியோ வாசலிலேயே போட்டுக் கொளுத்தினார். அது முந்தின நாள் ராத்திரி கழுவி எடுத்த புதுப் பிரதி என்பது ஈரம் காயாத அந்தப் படம் புகைந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. லட்சுமியின் படம் அவள் வீட்டு அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருந்தது.

அதோடு அவர் பிழைப்பு போயிற்று. முகத்தை மாற்றுகிற ஆள் என்று பெயராகிவிட்டது. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குக் கூட அவரிடம் ஆள் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே கலர் ஸ்டுடியோ ஒன்றும் வந்தது. அவர் கூன் இன்னும் கொஞ்சம் அதிகமானது. கிருஷ்ணகிரியில் உறவுக்காரர் ஒருவரின் கடையோடு போய் இருக்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அந்த முகத்தின் அசலைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு தகர டப்பாவிலிருந்து பழைய காலத்துக் கண்ணாடி நெகட்டிவ் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பொட்டு இல்லை, மூக்குத்தி இல்லை. முந்தானை தலையை மூடியிருந்தது. கறுப்பும் வெள்ளையும் மாறிக் கிடந்தாலும் அதே பார்வை. ஊரில் அந்தச் சாதி, இந்தச் சாதி என்று சண்டை போட்டுக்கொண்டு கும்பிட்ட முகம் யாருடையது என்று நான் கண்டுபிடித்துவிட்டேன்.

"உங்க அம்மாவா பாய்?"

அவர் நெகட்டிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா சார்."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊரில் சொன்னால் கொளுத்திவிடுவார்கள் என்று அந்த ரகசியத்தை வெகுநாள் எனக்குள்ளேயே வைத்திருந்தேன். தாங்காமல் ஒருநாள் தலைமை ஆசிரியரிடம் மட்டும் சொன்னேன். அவர் விசித்திரமாகப் பார்த்தார்.

"அம்மாவா? சின்ன வயசுல செத்துப்போன அவர் அக்கான்னார் எங்கிட்ட. நான்தான் கேட்டேன், அக்காவான்னு. ஆமா சார்னார்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்த ஏரி ஞாபகம் வந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் யாருடைய தாய், எந்த ஊர், படம் எடுத்துக்கொள்ள எதற்கு வந்தாள் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர் ஒருவர் பாய் இறந்துவிட்ட சேதியைச் சொன்னார். ஊர் முழுக்கப் படம் எடுத்தவரை யாரும் ஒரு படம் எடுத்து வைத்திருக்கவில்லை. நகங்களும் கூனும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. முகத்தை நினைத்துப் பார்த்தால் மூட்டமாகத்தான் வருகிறது.

லட்சுமியிடம் சொல்ல வேண்டுமே என்று சத்துணவுக் கூடத்துக்குப் போனேன். முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் கை நின்றது. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல நினைத்து, "உன் அம்மா படத்துலேர்ந்துதான் மத்ததெல்லாம் போட்டேன்னு அன்னைக்கே சொன்னாரே" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தச் சுவத்துல நாலையும் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். அவருக்கு இல்லைன்னு சொல்ல வராது. அது தெரிஞ்சுதான் அவருகிட்டப் போய்க் கேட்டேன்."

சொல்லிவிட்டு முறத்தைத் தன் பக்கமாகச் சாய்த்து மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள்.